மூன்றாம் மாடி ஜெர்மனி

தனப்பிரியா ஜெர்மனிக்குப் போனதில்லை. பாஸ்போர்ட்டுகூட எடுத்ததில்லை. கோயம்புத்தூரில் இரண்டு வருஷம் வேலை பார்த்ததை விட்டால், இருபத்தெட்டு வயது வரை நாமக்கல் வட்டாரத்தைத் தாண்டி எங்கும் தங்கியதில்லை. ஆனால் அவளுடைய அண்ணன் கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலை, ராசிபுரம் சாலையில் இருக்கிற அந்தப் பெரிய மண்டபத்தில் கூடியிருந்த ஆயிரத்துச் சொச்சம் பேரும், தங்கச்சி ஜெர்மனியில் இருக்கிறாள், பாவம் லீவு கிடைக்கவில்லை என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். அவளோ அதே மண்டபத்தின் மூன்றாம் மாடியில், கடைசி அறையில், தாம்பூலப் பைக்காக வாங்கி அடுக்கியிருந்த தேங்காய் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். இப்படியொரு ஏற்பாட்டை யோசித்துச் செய்யும் அளவுக்கு மூளை படைத்தவர்கள் அவளைப் பெற்றவர்கள். அந்த மூளையில் கால்வாசியை இருபது வருஷத்துக்கு முன்னால் செலவழித்திருந்தால் ஜெர்மனியை இதில் இழுத்திருக்க வேண்டியதில்லை.

விஷயம் இதுதான். இந்தப் பக்கத்துக் குடியானவர் வீட்டுக் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையும் அவனோடு கூடப் பிறந்தவளும் சேர்ந்து செய்கிற சீர். கூறைச்சேலையின் ஒரு முனை அண்ணன் கையில், மறு முனை தங்கை கையில். கூடப் பிறந்தவள் இல்லாதவனுக்குத்தான் சித்தப்பா மகளோ பெரியப்பா மகளோ வந்து செய்வாள். தனப்பிரியாவுக்கு அந்தச் சீர் வேண்டும். நகைக்காக அல்ல, புதுச் சேலைக்காகவும் அல்ல. யார் எங்கே நிற்க வேண்டும், எப்போது உட்கார வேண்டும், எதை எடுத்து யார் கையில் கொடுக்க வேண்டும் என்று எல்லாமே முன்கூட்டியே முடிவான காரியம் அது. உறவுக்காரர்களோடு பழகுவதில் அவளுக்குப் புரிந்த ஒரே பகுதி சீர்கள்தான். பத்து வயதிலேயே அண்ணனிடம் சொல்லி வைத்திருந்தாள், உனக்கு நான்தான் செய்வேன் என்று. அவனும் தலையாட்டியிருந்தான். தலையாட்டுவது சந்தோஷ்குமாருக்குக் கைவந்த கலை. யார் எதைச் சொன்னாலும் ஆட்டுவான்.

அப்பா சென்னிமலை நாற்பதாயிரம் முட்டைக்கோழி வைத்திருக்கிற பண்ணைக்காரர். கோழி விஷயத்தில் அவரைக் குறை சொல்ல யாராலும் முடியாது. ஷெட்டுக்குள் நுழைந்ததும் ஒரு நிமிஷம் அசையாமல் நின்று கேட்பார். ஏதாவது ஒரு வரிசையில் இரைச்சல் குறைந்திருந்தால் அவர் காது கண்டுபிடித்துவிடும். பத்துக் கோழி சத்தமில்லாமல் ஒடுங்கி நின்றால் மத்தியானத்துக்குள் கோழி டாக்டர் வந்து நிற்பார். அதே மனிதர், பெற்ற மகள் சத்தமில்லாமல் ஒடுங்கி நின்றபோது ஊரெல்லாம் பெருமை பேசினார். என்ற பொண்ணு ஊட்டுல இருக்கிற இடமே தெரியாதுங்க என்பார். கேட்டவர்களும் வாயைப் பிளந்தார்கள், கொடுத்து வைத்தவர் என்றார்கள். கோழி வாயடைத்தால் நோய், பெண் வாயடைத்தால் நல்ல வளர்ப்பு. இதுதான் அந்த வட்டாரத்து வைத்திய ஞானம்.

அந்த நல்ல வளர்ப்பின் லட்சணம் இது. அவளுடைய காதுகுத்து விசேஷத்தில் நாதஸ்வரம் ஆரம்பித்ததும் இரண்டு வயதுக் குழந்தை மூச்சு நின்று நீலம் பாரித்துப்போகும் அளவுக்குக் கத்தியது. காது குத்தியதற்கு அழுகிறது என்றார்கள். காது குத்த இன்னும் அரைமணி நேரம் இருந்தது, அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. பள்ளிச் சீருடையின் கழுத்துப்பட்டையில் தைத்திருந்த துணிச்சீட்டு உறுத்துகிறது என்று அவள் தினமும் சட்டையைக் கழற்றி எறிந்தாள். அம்மா வசந்தாமணி முதுகில் இரண்டு வைத்து மறுபடி மாட்டிவிட்டாள். சீட்டைக் கத்தரிக்க ஒரு நிமிஷம் போதும். அடிக்கவும் ஒரு நிமிஷம்தான் ஆகும். அம்மாவுக்கு இரண்டாவதுதான் பழக்கம். வெறும் சோறும் தயிரும் தவிர வேறெதையும் அவள் தொடவில்லை என்றபோது, வாய் ருசி தெரியாதவள் என்று பேர் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள்.

மூன்றாம் வகுப்பில் அவளோடு ஒரு பையன் படித்தான். மேசையைத் தள்ளுவான், தலையைச் சுவரில் முட்டுவான், வகுப்பைச் சுற்றிச் சுற்றி ஓடுவான். அவனைச் சேலத்துக்கு டாக்டரிடம் கூட்டிப்போனார்கள், அவனுக்கு என்னவென்று தெரிந்தது, தனியாகச் சொல்லிக்கொடுக்க ஆள் வந்தது. தனப்பிரியா மேசையைத் தள்ளவில்லை. மேசைக்கு அடியில் தன் கையைக் கன்றிப்போகும்வரை கிள்ளிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆண்டு விழாவில் நல்லொழுக்கப் பரிசு கொடுத்தார்கள், ஒரு எவர்சில்வர் தட்டு. தலைமையாசிரியை மேடையில் அவள் கன்றிய கையையே பிடித்துக் குலுக்கினாள். அந்தத் தட்டில்தான் வெகுகாலம் தயிர்சோறு சாப்பிட்டாள்.

ஆறாம் வகுப்புக்கு வந்தபோது, தான் ஏதோ தப்பாக இருப்பதாக அவளுக்கே தெரிந்துவிட்டது. மற்றப் பெண்கள் பேசும்போது எங்கே சிரிக்க வேண்டும் என்று யாரோ அவர்களுக்கு ரகசியமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், தனக்கு மட்டும் விட்டுப்போயிற்று என்று நினைத்தாள். அதனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தப்பா மகள் வித்யாவைப் படிக்க ஆரம்பித்தாள். கணக்குப் பாடத்தைவிடக் கவனமாகப் படித்தாள். வித்யா தலையைச் சாய்க்கும் பக்கம், கண்ணைப் பார்க்கும் நேரம், "அப்புறம்?" என்று இழுக்கும் இழுப்பு, கையால் வாயை மூடிச் சிரிக்கும் சிரிப்பு. குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தாள். ஒரு வருஷத்தில் தேறிவிட்டாள். பரவாயில்லையே, பொண்ணு நல்லாப் பேசிப் பழக ஆரம்பிச்சுட்டா என்று உறவில் எல்லோருக்கும் திருப்தி. பேசியது வித்யா என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. வித்யாவுக்கே தெரியவில்லை.

பள்ளி முடிந்து கல்லூரி முடிந்து, கோயம்புத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இரண்டு வருஷம் தினமும் ஒன்பது மணி நேரம் வித்யாவாக வேலை பார்த்தாள். வேலை அவளுக்குத் தூசு. வித்யாவாக இருப்பதுதான் ஆளைத் தின்றது. பொங்கல் லீவுக்கு வீட்டுக்கு வந்தவள் படுத்தாள், எழவில்லை. வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. குடும்பம் சுறுசுறுப்பானது. திருஷ்டி கழித்தார்கள். மந்திரித்த கயிறு கட்டினார்கள். அந்தக் கயிறும் உறுத்தியது, அதையும் கழற்றி எறிந்தாள், அதனால் பேய் இருப்பது உறுதியாயிற்று. உறவுப் பெண்கள் பழம் வாங்கிக்கொண்டு வந்து, எந்தப் பையன் ஏமாற்றினான் என்று காதோடு காதாக விசாரித்துவிட்டு, பதில் கிடைக்காத ஏமாற்றத்தோடு பழத்தை வைத்துவிட்டுப் போனார்கள்.

பதினோராம் நாள் கோழிக்குத் தடுப்பூசி போட டாக்டர் தீனதயாளன் வந்தார். கோழி டாக்டர். காப்பி குடிக்க வீட்டுக்குள் வந்தவர், கூடத்து மூலையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவளைப் பார்த்தார். கொஞ்ச நேரம் காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

"ஏனுங்க, கோழி ஒரு நாள் சத்தம் போடலீன்னா எனக்குப் போன் பண்றீங்க. பாப்பா எத்தன நாளாங்க இப்படி?"

"பதினோரு நாளாச்சுங்க" என்றார் சென்னிமலை.

"அதுக்கு முன்னால எப்படிங்க?"

"அதுக்கு முன்னாலயும் அமைதியான பொண்ணுதானுங்க."

தீனதயாளன் தன் அக்கா மகளைப் பற்றிச் சொன்னார். அவளும் அமைதியான பெண்தானாம், இருபது வயதுக்குப் பிறகுதான் என்னவென்று கண்டுபிடித்தார்களாம். சேலம் அஸ்தம்பட்டியில் சௌமியா என்ற டாக்டரிடம் காட்டச் சொல்லி ஒரு சீட்டில் நம்பர் எழுதிக் கொடுத்தார். பெற்று வளர்த்தவர்களுக்கு இருபத்தாறு வருஷமாகத் தெரியாதது, காப்பி குடிக்க வந்த கோழி டாக்டருக்கு ஒரு டம்ளர் காலியாவதற்குள் தெரிந்துவிட்டது.

டாக்டர் சௌமியா அவசரப்படவில்லை. மூன்று முறை வரச் சொன்னார், தனப்பிரியா பேசத் தொடங்கும்வரை காத்திருந்தார், வசந்தாமணியிடம் குழந்தைக் காலத்து விவரங்களை ஒவ்வொன்றாகக் கேட்டார். துணிச்சீட்டைக் கேட்டார், தயிர்சோற்றைக் கேட்டார், நாதஸ்வரத்தைக் கேட்டார். கடைசியில் ஆட்டிசம் என்றார். அது நோய் அல்ல, பிறவியிலேயே மூளை வேலை செய்கிற விதம் வேறு என்றார். பையன்களிடம் அது தெரிகிற மாதிரியே பெண்களிடமும் தெரிய வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள், டாக்டர்களில் பலரும் அப்படித்தான், ஆனால் நிறையப் பெண்கள் பக்கத்தில் இருப்பவளைப் பார்த்துக் காப்பியடித்தே காலத்தை ஓட்டிவிடுகிறார்கள், அந்தக் காப்பியடிப்புதான் ஒரு நாள் ஆளைச் சாய்த்துவிடுகிறது என்று விளக்கினார். தனப்பிரியா அங்கேயே அழுதாள். துக்கம் அல்ல. தான் தப்பான ஆள் அல்ல, வேறு மாதிரி ஆள் என்று ஒரு மனிதர் வாயால் கேட்டதில் வந்த நிம்மதி. அன்றைக்குத்தான் தன் சொந்த முகத்தோடு ஒருவர் எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

சென்னிமலை, இதற்கு என்ன மாத்திரை என்று கேட்டார். இதற்கென்று மாத்திரை இல்லை என்றார் டாக்டர். அப்புறம் எதுக்குங்க பேரு வச்சீங்க என்று அவர் கேட்டது உண்மையான சந்தேகம். வீட்டுக்கு வந்ததும் வசந்தாமணி அந்த அறிக்கையைக் காட்டன் சேலைகளுக்கு அடியில் பீரோவில் வைத்துப் பூட்டினாள். சந்தோஷுக்குப் பெண் அமையும்வரை யாரும் மூச்சு விடக்கூடாது என்று உத்தரவு போட்டாள். ஆட்டிசம் என்ற சொல்லே அந்த வீட்டில் கெட்ட வார்த்தையானது. தனப்பிரியா கோயம்புத்தூருக்குத் திரும்பவில்லை. பண்ணையின் தீவன மில்லை எடுத்துக்கொண்டாள். மக்காச்சோளம் எவ்வளவு, சோயா எவ்வளவு, கிளிஞ்சல் எவ்வளவு என்று அவள் போட்ட கலவையில் முட்டை ஓடு கெட்டிப்பட்டது. அரைவை இயந்திரத்தின் சத்தத்துக்காக ஆரஞ்சு நிறத்தில் ஒரு காதுமூடி வாங்கிக்கொண்டாள். கலந்தது யார் என்று மட்டும் சொல்லாமல், அந்தத் தீவனத்தைப் பற்றி சென்னிமலை மற்றப் பண்ணைக்காரர்களிடம் வாய் ஓயாமல் பேசுவார். மகளைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் ஜெர்மனிக்கு அனுப்பிவிடுவார்.

அண்ணனுக்கு முப்பத்துநாலு வயதாகியிருந்தது. இந்தப் பக்கம் பெண் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று பெண் தேடியவர்களைக் கேட்டால் தெரியும். பதினோரு இடம் தட்டிப்போய், பன்னிரண்டாவதாகத் திருச்செங்கோட்டுப் பக்கம் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருக்கிற குடும்பத்தில் மதுமதி என்ற பெண் அமைந்தாள். பெண்ணின் அம்மா மஞ்சுளா எல்லாவற்றையும் துருவித் துருவி விசாரித்தாள். உங்கள் கூட்டத்தில், வம்சத்தில், யாருக்காவது கோளாறு உண்டா என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். வசந்தாமணியும் சிரித்துக்கொண்டே இல்லை என்றாள். இணைச்சீரை வித்யா செய்வாள் என்று முடிவாயிற்று. பதினைந்து வருஷம் வித்யாவைப் போட்டுக்கொண்டு திரிந்தவளின் இடத்தில் இப்போது வித்யாவையே உட்கார வைத்தார்கள். தனப்பிரியா அண்ணனிடம் கேட்டாள். அவன் அப்பாவைப் பார்த்தான். அப்பா அவனைப் பார்த்தார். அவன் தலையாட்டினான்.

அவளைப் பண்ணையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். ஆனால் சாமி குறுக்கே வந்தது. இங்கே எந்த நல்ல காரியத்துக்கும் கோயிலில் பூக் கேட்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூ ஒரு பொட்டலத்திலும் கட்டிச் சாமி முன்னால் வைத்து, ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. தங்கச்சி இல்லாமல் கல்யாணத்தை நடத்தலாமா என்று கேட்டார்கள், சிவப்பு வந்தது. மறுபடி கேட்டார்கள், சிவப்பு. மூன்றாம் முறையும் சிவப்பு. உடனே சென்னிமலை கேள்வியை மாற்றினார். மண்டபத்துக்குள்ள இருந்தாப் போதுமா என்றார். வெள்ளை வந்தது. உள்ள இருக்கோணும்னுதான சாமி சொல்லுச்சு, மணையில உக்காரோணும்னு சொல்லலையே என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். தெய்வத்தையே ஏய்க்கத் தெரிந்தவருக்குச் சம்பந்தி எம்மாத்திரம்.

இப்படித்தான் அவள் மதியம் இரண்டு மணிக்குப் பின்பக்கப் படியில் ஏற்றப்பட்டு மூன்றாம் மாடிக்கு வந்து சேர்ந்தாள். யாராவது கேட்டால் விருந்தாளி என்று சொல்லும்படி அம்மா மூன்று தடவை சொல்லிவிட்டுப் போனாள். மண்டபத்தில் சத்தம் அதிகம் எட்டாத அறை அது ஒன்றுதான். மேனேஜரைத் தனியாகக் கூப்பிட்டு அதைக் கேட்டு வாங்கியிருந்தார் சென்னிமலை. அதே மேனேஜரைத் தனியாகக் கூப்பிட்டு வேறொருவரும் அதே அறையைக் கேட்டிருந்தார்கள். இரண்டும் ஒரே கல்யாணத்து ஆட்கள்தானே என்று அவர் இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டார்.

நாலரை மணிக்குக் கதவு திறந்தது. பெண்ணின் அம்மா மஞ்சுளா, பதினோரு வயதுச் சிறுமி ஒருத்தியைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தாள். உள்ளே ஆள் இருப்பதைப் பார்த்துத் திடுக்கிட்டாள். ஆனால் கீழே யாரோ அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தூரத்து உறவு ஏதோ என்று நினைத்திருக்க வேண்டும். சின்னவளுக்குக் காய்ச்சல், கொஞ்சம் படுத்திருக்கட்டும், பாத்துக்குங்க அம்மணி என்று சொல்லிவிட்டுப் பட்டுச்சேலை சரசரக்க ஓடினாள். கல்யாணப் பெண்ணின் தங்கை மோனிஷா அது.

சிறுமி தனப்பிரியாவைப் பார்க்கவில்லை. தேங்காய் மூட்டையைப் பார்த்தாள். ஒரு மூட்டையின் வாயைப் பிரித்து, தேங்காய்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரோரம் அடுக்க ஆரம்பித்தாள். எல்லாக் குடுமியும் ஒரே பக்கம் பார்க்கும்படி அடுக்கினாள். ஒன்று கோணலானால் முழு வரிசையையும் திருத்தினாள். வேறு யாராவது இருந்திருந்தால் கையைத் தட்டிவிட்டிருப்பார்கள். தனப்பிரியா எழுந்து இரண்டாவது மூட்டையைப் பிரித்துக் கொடுத்தாள். ஐந்து வரிசை வரைக்கும் இருவரும் பேசவில்லை. அவளுக்கு அந்த வாரத்திலேயே நிம்மதியான நேரம் அதுதான்.

"எனக்குக் காய்ச்சல் இல்லீங்க" என்றாள் மோனிஷா, தேங்காயைப் பார்த்துக்கொண்டே. "தொட்டுப் பாருங்க. இல்ல, தொடாதீங்க. சும்மா சொன்னேன்."

தனப்பிரியா தொடவில்லை.

"நீங்க யாருங்க?"

விருந்தாளி என்று சொல்ல வேண்டும். நாக்கில் அந்த வார்த்தை ஏறவில்லை. "மாப்பிள்ளையோட தங்கச்சி" என்றாள்.

"அவங்க ஜெர்மனில இருக்காங்க."

"இல்ல. இங்கதான் இருக்கேன்."

சிறுமி யோசித்தாள். அப்படியானால் பொய் சொன்னது யார் என்று கேட்டாள். எங்கப்பா என்றாள் இவள். எனக்குக் காய்ச்சல்னு சொன்னது எங்கம்மா என்று அவளும் கணக்கைச் சரி செய்தாள். பேச்சுவாக்கில் சேலம் டாக்டர் வந்தார். அஸ்தம்பட்டியில் மீன் தொட்டி வைத்திருக்கிற டாக்டரிடம் போன வருஷம் போனதாகவும், அந்தத் தொட்டியில் பதினோரு மீன் இருந்ததாகவும் மோனிஷா சொன்னாள். தான் போனபோது பன்னிரண்டு இருந்தன என்றாள் தனப்பிரியா. டாக்டர் கொடுத்த காகிதத்தை அம்மா சாமி அறையில் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறாள், யாரிடமும் சொல்லக்கூடாது, சொன்னால் அக்காவுக்குக் கல்யாணம் நடக்காது என்றும் சிறுமி சொன்னாள். தனப்பிரியாவுக்குச் சிரிப்பு வந்தது. வாயை மூடாமல் சிரித்தாள், அது வித்யாவின் சிரிப்பு அல்ல. ஒரு வீட்டில் சேலைக்கு அடியில், ஒரு வீட்டில் சாமிக்குப் பின்னால். கூட்டத்தில் கோளாறு உண்டா என்று கேட்ட அம்மாளும் இல்லை என்ற அம்மாளும் ஒருவரை ஒருவர் ஏய்த்துவிட்ட சந்தோஷத்தில் கீழே கட்டிப்பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

மோனிஷா கடைசித் தேங்காயை வைத்தாள். பிறகு முதல் முறையாகத் திரும்பினாள். முகத்தைப் பார்க்கவில்லை, தோளைப் பார்த்துக் கேட்டாள்.

"பெருசானா எனக்கும் ஜெர்மனிங்களா?"

தன்னை ஒளித்தபோது வராத கோபம் தனப்பிரியாவுக்கு இப்போது வந்தது. இருபது வருஷம் கழித்து இந்தப் பிள்ளை ஏதோ ஒரு மூன்றாம் மாடியில் உட்கார்ந்து விருந்தாளி என்று சொல்லப் பழகிக்கொண்டிருப்பாள். கீழே செண்டை மேளம் ஆரம்பித்திருந்தது. ஊரில் இருக்கிற மேளம் போதாதென்று, சம்பந்திக்கு வசதியைக் காட்டக் கேரளாவிலிருந்து இருபது பேரை இறக்கியிருந்தார் சென்னிமலை. மூடிய அறைக்குள்ளேயே சுவர் அதிர்ந்தது. அவளிடம் இருந்தது ஒரே ஒரு காதுமூடி. அதைச் சிறுமியின் காதில் பொருத்தினாள். இல்லடா சாமி, உனக்கு ஜெர்மனி இல்ல, கீழ போலாம் வா என்றாள். கதவு பூட்டியிருக்கவில்லை. அவள் வெளியே வரமாட்டாள் என்று அவர்களுக்கு அவ்வளவு நம்பிக்கை.

மூன்று மாடி இறங்கினாள். ஒவ்வொரு படிக்கும் சத்தம் மண்டைக்குள் ஏறியது. விளக்குகள் கண்ணைக் குத்தின. மல்லிகையும் சாம்பிராணியும் சாம்பாரும் கலந்து தொண்டையை அடைத்தன. திரும்பிவிடலாம் என்று இரண்டாம் மாடியில் நின்றாள். மோனிஷா இவள் சுடிதார்த் துப்பட்டாவின் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கையைப் பிடிக்கவில்லை. அது போதுமாக இருந்தது.

மேடையில் சந்தோஷ்குமார் மணையில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் வித்யா பட்டு உடுத்தித் தயாராக இருந்தாள். சீர் நடத்தி வைக்கும் அருமைக்காரர், வயதானவர், அவருக்கு ஒரு பழக்கம். யார் சொன்னாலும் தன் வாயால் ஒரு தடவை கேட்காமல் சேலையைக் கையில் கொடுக்கமாட்டார். மேளத்தைக் கையமர்த்திவிட்டு மைக்கில் கேட்டார்.

"மாப்பிள்ளைக்குக் கூடப் பொறந்த பொண்ணு இல்லீங்களா?"

"இருக்குதுங்க. ஜெர்மனிலங்க" என்றார் சென்னிமலை.

"இல்லீங்க" என்றாள் தனப்பிரியா, மேடைக்குக் கீழே நின்று. அவளிடம் மைக் இல்லை, ஆனால் மேளம் நின்றிருந்தது. "நான் ஜெர்மனி போனதே இல்லீங்க. மேல மூணாம் மாடில இருந்தேனுங்க."

முன்வரிசை திரும்பியது. அதற்குப் பின்வரிசை திரும்பியது. தீவன மில் தூசியோடு வெளுத்துப்போன சுடிதாரில் ஒரு பெண், அவள் பக்கத்தில் ஆரஞ்சுக் காதுமூடியோடு ஒரு சிறுமி. மஞ்சுளாவின் முகம் வெளிறிப்போயிற்று. வசந்தாமணி மஞ்சுளாவைப் பார்த்தாள், மஞ்சுளா வசந்தாமணியைப் பார்த்தாள். ஆளுக்கொரு பெண்ணை மேலே ஒளித்து வைத்திருந்தது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது. சென்னிமலை மகளின் கையைப் பிடித்து வெளியே இழுத்துப்போக மேடையிலிருந்து இறங்கினார்.

அவரைத் தடுத்தது மகன் அல்ல. வித்யா எழுந்து நின்றாள். கையில் வாங்க இருந்த சேலை முனையைத் தொடாமல் நகர்ந்தாள். "பெரியப்பா, இது அவளோட எடமுங்க. நீங்க லீவு கெடைக்கலீன்னீங்க, நம்பி வந்துட்டேன்" என்றாள். சிரித்துக்கொண்டே இருக்கத்தான் தெரியும் என்று எல்லோரும் நினைத்திருந்த பெண் அவள். அருமைக்காரர் தனப்பிரியாவை மேலும் கீழும் பார்க்கவில்லை. துணியையும் பார்க்கவில்லை. மேல வாங்க சாமி, உக்காருங்க என்று சேலையின் முனையை நீட்டினார்.

உட்கார்ந்தாள். எது எப்போது என்று அவளுக்கு மனப்பாடம். கொஞ்ச நேரத்தில் யாரோ கைகாட்ட, செண்டை மறுபடி இடிக்க ஆரம்பித்தது. அவள் கண்ணை இறுக மூடினாள், சேலை முனை மட்டும் கையை விட்டுப் போகவில்லை. வீடியோக்காரன் சிரிக்கச் சொன்னான். அவள் சிரிக்கவில்லை. அப்போதுதான் சந்தோஷ்குமார் தலையாட்டுவதைத் தவிர வேறொரு காரியம் செய்தான். மேளக்காரர்கள் பக்கம் திரும்பி, நிறுத்துங்க, சீர் முடியற வரைக்கும் அடிக்க வேண்டாம் என்றான். முப்பத்துநாலு வருஷத்தில் அவன் வாயிலிருந்து வந்த முதல் உருப்படியான வாக்கியம். இதற்காக அவனுக்கு மாலை போட வேண்டியதில்லை. ஏற்கெனவே போட்டிருந்தார்கள்.

கல்யாணம் நின்றுவிடும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். மேடைக்குப் பின்னால் இரண்டு சம்பந்திகளும் கால்மணி நேரம் குசுகுசுத்தார்கள். உங்க பக்கம் ஒண்ணு, எங்க பக்கம் ஒண்ணு, செரிக்குச் செரி என்று முடிவாயிற்று. தக்காளிப் பெட்டியில் இரண்டு பக்கமும் அழுகல் இருந்தால் வியாபாரிகள் பேசி முடிப்பார்களே, அப்படி. இரண்டு பேர் முகத்திலும் எவ்வளவு நிம்மதி. அந்த நிம்மதியைப் பார்த்தால்தான் அவர்கள் மேல் முழுசாக வெறுப்பு வருகிறது. ஒருவருக்காவது மூன்றாம் மாடிக்காக வெட்கப்படத் தோன்றவில்லை. வசந்தாமணி அதற்குள் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேடையில் பேசியது காதில் விழாத பந்திக்காரர்களிடம் போய்ப் புதுக் கதையை விட ஆரம்பித்திருந்தாள். ப்ளைட்டு லேட்டு, இப்பத்தான் கோயமுத்தூர்ல எறங்கி நேரா வாரா, அதான் துணிகூட மாத்தலை என்று இலைக்கு இலை சொல்லிக்கொண்டு போனாள்.

சீர் முடிந்து தனப்பிரியா சாப்பிட வந்தாள். கூட்டம் குறைந்த மூலையாகப் பார்த்து உட்கார்ந்தாள். மோனிஷா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு பேருக்கும் வெறும் சோறும் தயிரும் போதும் என்று பரிமாறுகிறவரிடம் கண்டிப்பாகச் சொன்னாள். எதிர் இலையில் கந்தம்மாள், அப்பா வழியில் ஏதோ ஒரு அத்தை, பொங்கலுக்குப் பழம் வாங்கி வந்து பையனை விசாரித்தவர்களில் ஒருத்தி. அதிரசத்தைப் பிட்டுக்கொண்டே பாசமாகக் கேட்டாள்.

"ஏஞ்சாமி, ஜெர்மனில ரொம்பக் குளிருங்களா?"

சற்றுத் தள்ளி நின்றிருந்த வசந்தாமணி, ஆமா என்று சொல்லு, ஆமா என்று சொல்லு என்று கண்ணாலேயே கெஞ்சினாள். தனப்பிரியா தயிரைப் பிசைந்துகொண்டே பதில் சொன்னாள்.

"தெரியாதுங்க அத்தை. நான் இங்கதான் இருந்தேன். எனக்கு ஆட்டிசமுங்க."

கந்தம்மாளின் கை அதிரசத்தோடு பாதியில் நின்றது. காதுமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, மோனிஷா இலையைப் பார்த்தபடி சொன்னாள்.

"எனக்கும் அதேதானுங்க. காய்ச்சல் இல்லீங்க."